முசிறியில் ஒரு நனைந்த மூடை

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்க் கையெழுத்தில். எழுதுகிறவள் பெயர் நிரூபா. "நான்" என்று எழுதக் கை கூசுகிறது. அதனால் "அவள்" என்றே இருக்கட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், வாசகரே.

முதல் வரி: "இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், முசிறித் துறையில், பொன்னிற அந்தியில்..."

(வெட்டியாயிற்று. மூடை தூக்குகிறவனுக்கு அந்தி எந்த நிறமானால் என்ன?)

2.

மறுபடி. ரோமாபுரிக்கு மிளகு ஏற்ற வந்த யவனக் கப்பல்கள் ஆற்றுமுகத்துக்கு வெளியே நிற்கின்றன. தோணிகள் மூடைகளோடு ஆற்றில் இறங்கி வருகின்றன. ஆதன் துறையில் மூடை பார்க்கிறவன். ஒவ்வொரு மூடைக்குள்ளும் முழங்கை வரை கையை விடுவான். உள்ளே காய்ந்திருந்தால், கட்டின்மேல் களிமண் அப்பி முத்திரை குத்துவான்.*

*களிமண்தானா? நிரூபாவுக்குத் தெரியாது. அவள் வேலை செய்வது கடல் கடந்த மிசிசாகா நகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்து வெயார்ஹவுஸில், கிடங்குக்கு வருகிற சரக்கைச் சரிபார்க்கிற இடத்தில். அங்கே முத்திரை இல்லை, கையெழுத்துத்தான்.

ஒரு தோணிக்காரன் கெஞ்சுகிறான்: ஒரேயொரு மூடைதான் மழையில் நனைந்தது, கண்டுகொள்ளாதே. ஆதனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். ஆதன் முத்திரையை எடுத்து

[இந்த வசனம் இங்கேயே நிற்கட்டும்.]

3.

முடிவுகள் மூன்று இருக்கின்றன. ஆதன் குத்துகிறான், நடுக்கடலில் மிளகு பூஞ்சணம் பிடிக்கிறது. அல்லது மறுக்கிறான், வேலை போகிறது. அல்லது பெருவெள்ளம் வந்து மூடை, தோணி, ஆதன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது. மூன்றாவதை எழுதும்போது நிரூபாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வெள்ளத்தைக் கூப்பிட்டுத் தப்பப் பார்க்கிறாள், கள்ளி.

4.

உள்ளதைச் சொல்லிவிடலாம். வியாழக்கிழமை வந்தது மிளகில்லை, குழந்தைகளின் பால்மா. பெட்டிகள் வெளியே மழைத் தண்ணீரில் நின்றதை அவள் கண்டாள். வெயார்ஹவுஸ் மேற்பார்வையாளர் கிளிபோட் அண்ணைதான் அவளுக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவர். "மேல் காய்ஞ்சுதானே கிடக்கு பிள்ளை, சைன் வையும்" என்றார். வைத்தாள். அடிப் பெட்டியை அவள் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் ஈரம் படும் என்று தெரிந்தே தொடவில்லை.

இன்று மூன்று மணிக்கு அந்தப் பெட்டிகளை லொறியில் ஏற்றுகிறார்கள். நிரூபா கதை எழுதிய கொப்பியை மடக்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டருகே மல்வேர்ன் பஸ் தரிப்பில் நின்று கிளிபோட் அண்ணையைப் போனில் அழைத்தாள்.

"அண்ணை, நான் வைச்ச சைன் பிழை. ஈரமெண்டு தெரிஞ்சுதான் வைச்சனான். பால்மாவை ஏத்த விடாதேங்கோ, நான் வாறன்."

அவர், வேலை போனால் தன்னிடம் வந்து நிற்க வேண்டாம் என்றார்.

"ஓம் அண்ணை" என்றாள் நிரூபா. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

5.

மிசிசாகா போய்ச் சேர இரண்டு மணி நேரமாகும். கதையை முடிக்க அது தாராளம். ஆனால் அவள் முடிக்கப் போவதில்லை. அவளுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஆதன் அங்கேயே நிற்கிறான், களிமண் காய்கிறது. முத்திரையை உங்களிடம் தந்துவிட்டாள், வாசகரே. விரும்பிய முடிவை எழுதுங்கள். எழுதுமுன் மூடைக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். மேலே எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.