யூரியாப் பையில் முளைத்த கீரை

என் கணவர் சவுந்தரநாயகம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்று ஒன்றுமே நடந்திருக்காது. ஆனால் மண்ணைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அந்த மனிதரால் வாயை மூட முடியாது. கேட்டவர் தோளில் துவக்கோடு வந்திருந்தாலும் அதே கதைதான்.

யாழ்ப்பாணத்தில் விவசாயத் திணைக்களத்தில் மண் பரிசோதிப்பதுதான் அவருடைய வேலை. தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஊரே எழும்பி ஓடியபோது நாங்களும் ஓடினோம். வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில் எங்கள் ஒரே மகள் நிரோஜினிக்கு நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபொயிட் வந்தது. கிடைத்த குளிசையெல்லாம் கொடுத்தோம். காய்ச்சல் போனது, அதோடு வயிறும் போனது. கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து, கடல்பக்க ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் குடியேறிய பிறகும் அவளுக்கு எதைக் கொடுத்தாலும் தங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஐந்து வயதுச் சட்டைக்குள் நின்றாள். குளிக்கவார்க்கும்போது அவளுடைய முதுகெலும்பு கையில் தட்டும். எனக்குப் பயமாக இருக்கும்.

பொரளையில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். அந்தக் குளிசைகளில் கெட்ட கிருமியோடு சேர்ந்து குடலுக்கு வேண்டிய கிருமியும் செத்துப்போயிருக்கும், அது மெல்ல மெல்லத்தான் திரும்பி வரும், கீரையும் தயிரும் கொடுங்கள் என்றார். என் மனிதருக்கு அது போதும். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டார்.

"இதைத்தானே நான் திணைக்களத்தில தொண்டை கிழியக் கத்தினனான். மண்ணும் வயிறும் ஒண்டுதானப்பா. ரெண்டுக்குள்ளயும் கோடிக்கணக்கில உயிர் இருக்கு. வெறும் யூரியாவைக் கொட்டிக்கொண்டிருந்தா பயிர் பச்சையா நிக்கும், மண் செத்துப்போகும். செத்த மண்ணில விளைஞ்சதைத் திண்டா வயிறு என்னெண்டு உயிர்க்கும்?"

"மெல்லக் கதையுங்கோ," என்றேன்.

பஸ்ஸில் இருந்துகொண்டு தமிழில் யூரியா என்று சத்தமாகச் சொல்லக்கூடிய காலமா அது? இயக்கத்துக்காரர் வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்று வடக்குக்கு யூரியா அனுப்பவே தடை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வீடு வந்து கதவைப் பூட்டும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

அடுத்த கிழமையே பல்கனியில் தோட்டம் தொடங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையில் இரண்டு மாடு வைத்திருந்த றேமண்ட் என்பவரைப் பிடித்து எரு கொண்டுவந்தார். மரக்கறித் தோலும் மீன் செதிலும் முட்டைக்கோதும் அதற்குள்ளே போயின. நாற்றத்துக்கு நான் ஏசினேன். "பொறும், உக்கினால் மணக்காது," என்றார். உண்மையாகவே ஒரு மாதத்தில் அது மழை பெய்த தோட்டம்போல மணத்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உறுதியான பை ஒன்று கைக்கு வந்தால் எறியவே மாட்டோம். உரப்பையில்தான் நெல், உரப்பையில்தான் தேங்காய். ஊரைவிட்டு ஓடும்போது உடுப்பைக் கட்டியதும் உரப்பையில்தான். றேமண்ட் எருவைக் கட்டிக் கொடுத்த பையையும் இவர் கழுவி எடுத்து, மண்ணை நிரப்பி முளைக்கீரை போட்டார். அதன் முதுகில் பச்சை எழுத்தில் யூரியா என்று மூன்று மொழியிலும் இருந்தது. வாழ்நாள் முழுக்க யூரியாவைத் திட்டிய மனிதர் அதை ஒரு பையாகத்தான் பார்த்தார்.

கீரை நன்றாக வந்தது. தயிரோடும் குத்தரிசிக் கஞ்சியோடும் நிரோஜினி அதைச் சாப்பிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு தங்கியது. கன்னத்தில் சதை தெரிந்தது. கீரை செய்த வேலையா, தயிர் செய்த வேலையா, நாள் போகப் போகத் தானாகவே மாறியதா, எனக்குத் தெரியாது. அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் பிள்ளை மண்ணோடு ஒரு இலையைப் பிய்த்து வாயில் வைக்கப்போனபோது மட்டும் கையைத் தட்டிவிட்டார்.

"மண்ணில நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. பச்சைச் சாணியில கெட்டதுதான் கூட. நடுவில வேரும் அடுப்பும் இருக்கவேணும், விளங்குதா?"

அவள் தலையாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை காலை, கீழ்வீட்டு அஸீஸா மூச்சிரைக்கப் படியேறி வந்தா.

"தங்கச்சி, ரோட்ட மறிச்சிட்டாங்க. ஒவ்வொரு ஊடா ஏறிப் பாக்கிறாங்க. ஐடென்டிட்டிய எடுத்து வைங்க."

எடுத்து வைத்தேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஒருவரும் இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற வரியில் இன்ஸ்பெக்டரின் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அலுமாரி, கட்டிலுக்குக் கீழ், அரிசி வாளி. கடைசியாகப் பல்கனிக்குப் போனார்கள்.

"மேக்க மொக்கத?"

இது என்னவென்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். கை பையில் இருந்த எழுத்தைக் காட்டியது. அந்த எழுத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்தக் காலத்தில் விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

ஆமிக்காரன் மண்ணைக் கிண்டினான். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. இது என்ன வெள்ளை மருந்து என்று கேட்டார்கள். பூஞ்சணம் என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கினார். இது உயிருள்ள மண், யூரியா இதற்கு எதிரி, மண்ணில் இருக்கிறதுபோல வயிற்றிலும் உயிர் இருக்கிறது, மண் நன்றாக இருந்தால் வயிறும் நன்றாக இருக்கும், மகளுக்காகத்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அவருடைய சட்டையைப் பின்னால் இழுத்தேன். அவருக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

"வயிற்றுக்கு அவ்வளவு நல்லதா?" என்றார் சிங்களத்தில். "அப்படியென்றால் மகள் சாப்பிடட்டும்."

ஆமிக்காரன் ஒரு பிடி அள்ளினான். முதல்நாள் மாலைதான் இவர் றேமண்டின் பச்சைச் சாணியை அதில் புதிதாகக் கலந்திருந்தார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கை நிரோஜினியின் முகத்துக்கு நேரே வந்தது.

"கன்ன," என்றான். சாப்பிடு என்று.

பயந்த பிள்ளை சொன்னதைச் செய்யும். அவள் வாயைத் திறந்தாள்.

இவர் குறுக்கே பாய்ந்து, அந்த ஆமிக்காரனின் மணிக்கட்டைப் பிடித்து, அவன் உள்ளங்கையில் இருந்ததைத் தன் வாய்க்குள் போட்டார். மென்றார். விழுங்கினார். பிறகு தானே பைக்குள் கைவிட்டு இன்னொரு பிடி எடுத்தார். அதற்குப் பிறகும் ஒரு பிடி. தாடியெல்லாம் சாணி. கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் பார்வையை இன்ஸ்பெக்டரைவிட்டு எடுக்கவில்லை. முதன்முறையாக அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பையை எறியச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆனால் யூரியாப் பையை ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம் எங்கே எறிவது? அஸீஸாதான் வாங்கிக்கொண்டா. "உங்கட குப்பையில கிடந்தா அது பிரச்சின. எங்கட குப்பையில கிடந்தா அது பை," என்றா.

அன்று பின்னேரமே அவருக்குத் தொடங்கியது. வாந்தி, வயிற்றோட்டம், பிறகு உடம்பைத் தூக்கிப்போடும் குலைப்பன் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தேன். மனிதர் கையைவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பொரளை டொக்டரிடம் கொண்டுபோனேன்; டொக்டர் எழுதித் தந்தது, காய்ச்சலுக்கு நிரோஜினிக்குக் கொடுத்த அதே குளிசைதான். இவர் அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு விழுங்கினார்.

உயிர் தப்பினார். ஆனால் இப்போது அவருக்கும் எதுவும் தங்குவதில்லை. அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கஞ்சி குடிக்கிறார்கள். கீரை சந்தையில் வாங்கியது.

யாராவது கதவைத் தட்டினால் நான் அடையாள அட்டையைத் தேடி ஓடுகிறேன். நிரோஜினி அப்பாவிடம் ஓடிப்போய், இரண்டு கையாலும் அவருடைய வாயைப் பொத்துகிறாள்.