பட்டறைக்குள் போன நாள்

அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பெரியம்மாள் கூடையை இறக்கிவிட்டு வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையின் மூங்கில் தப்பையைப் பற்றிக்கொண்டாள். வெளியே போய் நின்றால் மஞ்சு காரணம் கேட்பாள். தூரமானவள் கால் வைத்தால் பட்டறையில் கிடக்கும் விதை வெங்காயம் அத்தனையும் அழுகிப்போகும் என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. பெரியம்மாளுக்கோ மாசம் முழுக்க உதிரம் படுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறை பக்கத்துக் காட்டு மஞ்சுவுடையது. போன வாரம் அவள் பெரியம்மாள் காட்டில் ஒரு நாள் களை வெட்டினாள். அதற்குப் பதில் வேலை இது.

"என்னக்கா, வெங்காயத்தை எண்ணிக்கிட்டு நிக்கிறியா?"

"இடுப்பு."

"பையை எடுத்துப் போடுன்னா கேக்கமாட்டேங்குற. ரெண்டு பெத்தாச்சு, இனி அதுல நெல்லா கொட்டி வைக்கப்போற?" மஞ்சு முப்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்தவள். "என்னைய இப்ப எவனாச்சும் வெளிய நில்லுங்கிறானா?"

சேலை நனைந்துவிட்டது. பெரியம்மாள் அரை நாளோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திருச்சியில் எம்.ஏ. படிக்கும் மகள் கவியா லீவுக்கு வந்திருந்தாள். பையை எடுக்கச் சம்மதித்துவிட்டேன், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று பெரியம்மாள் சொன்னதும் கொதித்தாள்.

"தீட்டு ஒடம்புல இல்லம்மா, ஊரு வாயில இருக்கு. அதுக்குப் பயந்து ஒடம்ப அறுத்துக்குவாங்களா?"

"வலியும் ஊரு வாயிலதான் இருக்கா?"

கவியா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வலி உன்னோடது. டாக்டர்ட்ட முழுசாச் சொன்னியா?"

சொல்லவில்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்த அன்று, எத்தனை நாள் படுகிறது என்று டாக்டரம்மா கேட்டபோது, துணைக்கு வந்த மஞ்சு பக்கத்தில் நின்றாள். மூணு நாள் என்று பெரியம்மாள் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கும் மஞ்சு ஃபிளாஸ்க்கோடு வந்தாள். டாக்டரம்மா உள்ளே வந்தார். கவியா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"மாசம் முழுக்கப் படுதுங்க" என்றாள் பெரியம்மாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல? சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம கத்தி வைக்கக்கூடாது. கேன்சரான்னு பாக்கணும்."

மஞ்சு பெரியம்மாளையே பார்த்தாள்.

"பட்டறைக்குள்ள வந்த அன்னிக்கும் பட்டுச்சா?"

"பட்டுச்சு."

மஞ்சு ஃபிளாஸ்க்கைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனாள். கவியா கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஆபரேஷனைத் தள்ளிவைத்து, சதையை எடுத்து அனுப்பியாயிற்று. ரிசல்ட் இன்னும் வரவில்லை. சாயங்காலமானால் பெரியம்மாள் வேலியோரம் நின்று, மஞ்சுவின் பட்டறையிலிருந்து அழுகல் வாடை வருகிறதா என்று மோந்து பார்க்கிறாள்.

"எதுக்கும்மா பயப்படுற, நோய்க்கா, வெங்காயத்துக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

மஞ்சு கூப்பிடவில்லை. அவள் பட்டறையில் பெரியம்மாள் செய்யவேண்டிய அரை நாள் வேலை பாக்கி நிற்கிறது.