கொம்பு முளைத்த கோடை

எட்வின் லோமாக்ஸ் இறந்தபோது, அவர் வரைந்துகொண்டிருந்த செம்மான் பாதியில் நின்றது. உடலும் கால்களும் முடிந்திருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் தாள். இங்கிலாந்தின் செஷயர் பகுதிப் பிரபு ஒருவர் தம் பூங்காவின் மான்களைப் பற்றி அச்சிடவிருந்த நூலுக்கான படம் அது.

கல்யாணமான நாள் முதல், கணவர் படங்களின் அச்சுப் பிரதிகளுக்கு வண்ணம் தீட்டி வந்தவள் கெட்டூரா. தானாக ஒரு கோடு இழுத்ததில்லை. ஆனாலும் அந்தப் பாதி மானை அந்நியர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நானே முடித்துத் தருகிறேன் என்று பிரபுவிடம் ஒப்புக்கொண்டு, ஏப்ரல் மழையில் வண்டியேறினாள்.

மான்காவலர் ஜேபஸ் ஹுல்ம் அவளை வேலியருகே அழைத்துப் போனார். படத்துக்குரிய கலைமான் புல் மேய்ந்துகொண்டிருந்தது. தலையில் கொம்பு இல்லை. கொம்பிருந்த இடத்தில் ரத்தம் உறைந்த இரண்டு வடுக்கள்.

"முந்தாநாள்தாம்மா உதுத்துச்சு. வருசா வருசம் நடக்கிறதுதான். ஆகஸ்டுல வாங்க, புதுசா முளைச்சிருக்கும். அதுவரைக்கும் இந்த மானய்யா வெக்கப்பட்டு ஒளிஞ்சு திரிவாரு."

கணவர் போன பிறகு அன்றுதான் கெட்டூரா சிரித்தாள்.

"வீட்டுல போய் சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கப் போறேன்? இங்கயே இருந்துடறேன் ஜேபஸ்."

காவலர் வீட்டு மாடியறையில் தங்கினாள். வரைந்த முதல் படத்தை ஜேபஸ் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க. கழுதைக்குக் கம்பளி போத்தின மாதிரி இருக்கு."

கிழித்துப் போட்டாள். மறுநாளும் வரைந்தாள். மே மாதத்தில் அந்த வடுக்களிலிருந்து மென்மயிர் போர்த்த மொட்டுகள் எழும்பின. இளங்கொம்பில் கிளை உரசினால் வலிக்கும்போலும். அத்தனை பெரிய விலங்கு மரத்தடியில் தலையைத் தாழ்த்தி, பூப்போல நடந்தது. அந்தக் குனிவைத் தாளில் பிடிக்க அவளுக்கு ஜூன் முழுவதும் பிடித்தது. ஆகஸ்டில் மான் கொம்பை மரத்தில் தேய்க்க, அதை மூடியிருந்த மென்மயிர்த் தோல் ரத்தக் கந்தலாகத் தொங்கியது. அதையும் வரைந்தாள்.

பிறகு எட்வினின் படத்தை எடுத்து விரித்தாள். அவர் மான் நிமிர்ந்து நின்றது. அவள் பார்த்த மானின் குனிந்த தலை அந்தக் கழுத்தில் உட்காரவில்லை. வெகுநேரம் அழுதாள். பிறகு அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, தன் தாள்களை மட்டும் பிரபுவிடம் கொண்டுபோனாள்.

"எங்கேம்மா உங்க வீட்டுக்காரர் படம்?"

"அது எங்கிட்டயே இருக்கட்டும், பிரபு. இதைப் பாருங்க."

பிரபு ஒவ்வொன்றாகப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"என் சொந்தப் பூங்காவுல நடக்கிறது... நான் ஒரு தடவைகூட நின்னு பாத்ததில்லையே! எல்லாத்தையும் அச்சடிச்சுடலாம். கீழே லோமாக்ஸ்னு போட்டா போதுமா?"

"கெட்டூரா லோமாக்ஸ்னு முழுசாப் போடுங்க."

அக்டோபரில் கலைமான்களின் உறுமல் பூங்காவையே அதிரவைத்தது. வீடு திரும்ப வண்டி வேண்டுமா என்று கேட்க ஜேபஸ் வந்தார். கெட்டூரா திரும்பிப் பார்க்கவில்லை. பெண்மான் ஒன்று காதைத் திருப்பியிருந்தது, அது அசைவதற்குள் வரைந்தாக வேண்டும்.