பொத்தான் இடுக்கில் சொருகிய அட்டை

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் ‘ரீசெட் மாமா’ என்று பெயர். மெஷின் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ரீசெட் பொத்தானை அமுக்குவார். மறுபடி சொன்னால் மறுபடி அமுக்குவார். பட்டறை அவருடையது, இரும்பைக் கடையும் கம்ப்யூட்டர் லேத்தும் அவருடையது. அதற்குள் போகிற கை மட்டும் என்னுடையது.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மாமா ஜாக்கிரதையாக இருந்தார். அதிலும் சொதப்பினார். லேத்துக்குள் ஒரு பேட்டரி உண்டு. டூல்களைத் தாங்கும் டர்ரெட் எங்கே நிற்கிறது என்ற ஞாபகத்தை அதுதான் காக்கிறது. கரண்ட் இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். மாமாவோ மெயினை அணைத்துவிட்டு மாற்றினார், கரண்டோடு விளையாடக் கூடாதாம். மெஷினுக்குச் சுத்தமாக எல்லாம் மறந்துபோயிற்று. பிறகு சுவரில் படம் மாட்டுகிறவர் மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, டர்ரெட்டின் தொடக்க இடத்தைக் குத்துமதிப்பாக வைத்தார். வைத்தது டர்ரெட் போகக்கூடிய எல்லைக்கு அப்பால். அதனால் டூல் மாற்றும்போதெல்லாம் டர்ரெட் பின்னால் ஓடி, எல்லை சுவிட்சில் முட்டி, அலாரம் போட்டு நின்றது.

இதற்கு வைத்தியம் பெரிய வித்தை இல்லை. எல்லை அலாரத்தைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கும் ரிலீஸ் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி டர்ரெட்டை வந்த வழியே மெதுவாக நகர்த்த வேண்டும். பிறகு தொடக்க இடத்தை ஒழுங்காகக் குறியில் வைக்க வேண்டும். அரை நாள் வேலை. மாமா அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மடித்து, ரிலீஸ் பொத்தான் எழும்பாதபடி இடுக்கில் சொருகினார். அலாரம் வாயை மூடிக்கொண்டது.

"பாத்தியா மாப்ள? இவ்ளோதான்."

டர்ரெட்டுக்கும் பின் தகட்டுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து. இரும்புச் சீவல் அங்கேதான் அடையும். இதுவரை எல்லை சுவிட்ச் டர்ரெட்டை நிறுத்தி அந்தச் சந்தைக் காத்தது. கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற சுவிட்சை மாமா எப்போதோ கட்டிப்போட்டுவிட்டார். நான் சீவலை இழுத்து முடிக்கும்வரை பொறுக்கிற ஆளும் இல்லை. கை உள்ளே இருக்கும்போதே ஸ்டார்ட்டை அமுக்குவார்.

"மாமா, அட்டைய எடுங்க. என் கை போயிடும்."

"பயந்தாங்கொள்ளி! அங்க வேணும்கிற இடம் இருக்குடா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கட்டிக்கொடுத்த அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து சந்தில் செருகினேன். "கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னா இதுக்கும் ஆகாதுல்ல? அமுக்குங்க."

வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. என்னை முறைத்துக்கொண்டே அமுக்கினார்.

டர்ரெட் பின்னால் ஓடியது. டப்பா நசுங்கித் தகடாகிப்போனது. மெஷின் பாரம் தாங்காமல் வேறொரு அலாரம் போட்டது. மாமாவின் விரல் பழக்கதோஷத்தில் ரீசெட்டுக்குப் போயிற்று.

முன் அறையில் கடைந்து முடித்த சாமான்களை அளந்துகொண்டிருந்த அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அட்டையையும் பார்த்தாள்.

"அந்த இடத்துல தினமும் யாரு கை விடறது?"

"உன் தம்பிதான்," என்றார் மாமா, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். "சரி. இன்னையிலேருந்து நீங்க விடுங்க. அவன் ஸ்டார்ட் அமுக்கட்டும்."

"என்ன, விளையாடறியா?"

"வேணும்கிற இடம் இருக்குன்னீங்களே மாமா," என்று சொல்லிவிட்டு, ஸ்டார்ட் பொத்தான் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சந்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். என் கைக்குத் தாராளமாக இருந்த இடம் அவர் கைக்குப் போதவில்லை போலிருக்கிறது. மெஷினைச் சுற்றிவந்து, பொத்தான் இடுக்கிலிருந்த அட்டையைத் தானே பிடுங்கினார்.