டிரைவர் வைத்த பாக்கெட்

படியில் வழுக்கி வலது காலை உடைத்துக்கொண்ட பஸ் டிரைவர் வீட்டோடு கிடந்தார். அவர் மனைவி ஜன்னல் திரை தைப்பவள். முன்னறைதான் அவளுக்குக் கடை. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, அவள் வெட்டுவதையும் தைப்பதையும் வேடிக்கை பார்த்தார். பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை.

"இவ்வளவு துண்டுத் துணியை மூட்டை கட்டி வச்சிருக்கியே, யாருக்கு இதெல்லாம்?"

"உங்களுக்குத்தான். வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே, கைக்காவது வேலை கொடுங்க."

அவள் விளையாட்டாகச் சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவியின் தங்கைக்குத் தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளின் கழுத்தில் கட்டிவிடத் துணி போதவில்லை என்று வரும்போதெல்லாம் அவள் புலம்புவாள்.

மின்சார மெஷினின் மிதியை டிரைவர் இடது காலால் அழுத்தினார். துணி விருட்டென்று ஓடிப்போய் மேசைக்கு அந்தப் பக்கம் தொங்கியது.

"மெதுவா! இது பஸ் இல்லைங்க."

"பிரேக் எங்க இருக்கு?"

"காலை எடுங்க, நிக்கும்."

அளவெடுக்க வீட்டில் குழந்தை கிடையாது. கட்டுப் போட்ட முழங்காலைச் சுற்றி அளந்து முதல் துணியை முடித்தார். சாயங்காலம் வந்த மச்சினி அதை விரித்துப் பார்த்தாள்.

"பிரமாதம் அத்தான். உங்க முழங்காலுக்கு ஊட்டிவிடும்போது கட்டிக்கலாம். எங்க பிள்ளைங்க கழுத்துல போட்டா, அப்படியே காலு வழியா கழண்டு வந்துடும்."

அன்று ராத்திரி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள், "பிள்ளைங்க கழுத்தை ஒரு நூலால அளந்துட்டு வா" என்று அவளிடமே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு தைத்ததெல்லாம் கச்சிதம். கெட்டியான திரைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, படம் வரையும்போது சாயம் படாமல் மாட்டிக்கொள்ளும் மேலுடுப்பும் தைத்தார். யாரும் கேட்காமலே ஒவ்வொன்றிலும் ஆழமாக ஒரு பாக்கெட்.

"பாக்கெட் எதுக்கு?" என்றாள் மனைவி.

"பாக்கெட் இல்லாம யாராவது உடுப்பு போடுவாங்களா?"

"இத்தனை வருஷமா நான் போடுறேனே, கவனிச்சதில்லையா?"

அவர் சட்டென்று ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் மச்சினி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"உங்க பாக்கெட்டால மானம் போச்சு அத்தான்! வாசல் கேட் சாவியைக் காணோம். அப்பா அம்மாக்கள் எல்லாரும் வெளியில, பிள்ளைங்க உள்ள. காப்பகம் முழுக்கத் தேடினா, இருக்கிறதிலேயே பொடிசு ஒண்ணு சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத் தூங்குது. சமையல்காரரோட மூக்குக்கண்ணாடி இன்னொருத்தன்கிட்ட. எல்லாப் பாக்கெட்டையும் பிரிச்சுடச் சொல்லிட்டாங்க எங்க காப்பக மேடம்."

டிரைவருக்குச் சுருக்கென்றது. "நான் வச்சது. நானே பிரிக்கிறேன்" என்று கத்தரியை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலோடு கிளம்பிவிட்டார்.

காப்பகத்தில் அவருக்குக் கிடைத்தது குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி. உட்கார்ந்து கத்தரியை வெளியே எடுத்ததுதான் தாமதம், எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையாலும் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு ஒரு சிறுமி தன் பாக்கெட்டுக்குள் கை விட்டு, பாதி கடித்த பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். இன்னொருவன் பொம்மைக் காரின் சக்கரத்தைக் கொடுத்தான். பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதுபோல வரிசையாக வந்து, ஆளுக்கு ஒன்றை அவர் மடியில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

டிரைவர் கத்தரியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில் நின்று பார்த்த மேடம் சிரித்துவிட்டார். "சரி, இருக்கட்டும். எனக்கும் ஒண்ணு தைச்சுக் கொடுங்க, பாக்கெட்டோட. சாவி இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

கட்டுப் பிரித்தார்கள். அவர் பஸ்ஸுக்குத் திரும்பினார். ஆனால் விடுமுறை நாள் வந்தால் போதும், மெஷின் யாருக்கு என்று வீட்டில் தகராறுதான். அப்படி ஒரு நாள் துணி மூட்டையைக் கொட்டியவர், அதில் பளிச்சென்று ஒரு மஞ்சள் துணியைக் கண்டார். கசங்காத, மடிப்புக் கலையாத முழுத் துணி.

"இது துண்டுத் துணி மாதிரி தெரியலையே?"

மனைவி வந்தாள். கத்தரியை எடுத்து அதன் ஓரத்தில் விரலகலம் நறுக்கினாள்.

"இப்ப துண்டுத் துணிதான். தைங்க."