குடத்தில் மீந்த தண்ணீர்

வானத்தில் ஒருநாள் முழுக்கப் பூமியைச் சுற்றிவந்த ரஷ்யாக்காரனுக்குக் குமட்டலெடுத்ததாம். மீமிசல் டீக்கடையில் வாத்தியார் செல்லமுத்து பேப்பரைப் பார்த்துச் சொன்னதும், வள்ளக்காரர் சவரியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அங்கிட்டு அலையே இல்லியே சார்!"

"எடையும் இல்லியே" என்றார் வாத்தியார். காதுக்குள்ளே மணலைவிடப் பொடியான கற்கள் உண்டு. அவை எந்தப் பக்கம் அழுத்துகின்றனவோ அதுதான் கீழ் என்று மூளை அறிகிறது. எடையற்ற இடத்தில் அவை எங்கும் அழுத்துவதில்லை. கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல, நடுவில் வயிறு புரண்டுவிடும்.

"எங்ககிட்ட அனுப்புங்க. ஒரு செரட்டை கடத்தண்ணியில தெளிய வச்சுருவோம்."

அந்தப் புரட்டாசியிலேயே ஆலங்குடிப் பக்கத்து ஆண்டியப்பன் அவர் வள்ளத்தில் ஏறினான். மழையில்லாமல் அவன் கடலைக்காடு கருகியிருந்தது.

"ஒங்கள நம்பித்தாண்ணே விடுறேன்" என்றாள் அவன் மனைவி அழகி.

கரை மறைவதற்குள் வாந்தியெடுத்தான். தொலைவில் அசையாத தொடுவானக் கோட்டைப் பார்த்திருந்தால் கொஞ்சம் அடங்கியிருக்கும். அவனையோ குனிந்து தண்ணீர் இறைக்க விட்டிருந்தார்கள்.

"கடலைச்செடி ஆடாது பாருங்க, அதான் ஐயாவுக்கு ஒத்துக்கல" என்றான் கூட்டாளி ராசு.

சவரியப்பன் கடல்நீரை மொண்டு புகட்டினார். அவருக்குச் சின்ன வயதில் அவர் அப்பன் புகட்டியது. மூன்றாம் நாள் அவருக்குத் தெளிந்தது. கண்ணும் காதும் தாமாகச் சமாதானமாக அத்தனை நாளாகும். தெளியவைத்த பேரை உப்புத்தண்ணீர் வாங்கிக்கொண்டது.

ஆண்டியப்பன் வள்ளம் ஏறிய அன்று மாலை காற்று விழுந்தது. பாய் தொங்கியது. அலை மட்டும் நிற்கவில்லை.

"நல்ல தண்ணி கொஞ்சம்…" என்றான் ஆண்டியப்பன்.

"அது இன்னும் பொரட்டும்டா. இதக் குடி" என்றார் சவரியப்பன்.

வாந்தி உடம்பின் நீரை எடுத்தது. உள்ளே போன உப்பை வெளியே தள்ள, குடித்ததைவிட அதிகமான நீர் செலவாயிற்று. மூன்றாம் நாள் காலை நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மூத்திரம் நின்றது, சவரியப்பனை "அழகி" என்று கூப்பிட்டான். பதறிப்போய்க் குடத்து நல்ல தண்ணீரை அவன் வாயில் ஊற்றினார். கடைவாயில் வழிந்தது.

மதியம் காற்று வந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது.

கரையில் அழகி அலறவில்லை. புருஷனின் வெடித்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"குடிக்கத் தண்ணி தீந்துபோச்சாண்ணே?"

ஆமென்று தலையாட்ட இருந்தார் சவரியப்பன். பின்னால் ராசு குடத்தை இறக்கினான். பாதிக்கு மேல் மீந்திருந்த நல்ல தண்ணீர் தளும்பி மணலில் சிந்தியது.

அழகி திரும்பிப் பார்த்தாள்.