அரம் பிடித்த கை

ஓடைக்கு அந்தப் பக்கம் காசிமிரோவின் மோட்டார் ரம்பம் திக்காமல் முனகாமல் போய்க்கொண்டிருந்தது. பழுத்த பப்பாளியை அறுப்பதுபோல. அனிசெட்டோ தன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். காலடியில் கிடந்த தன் மரத்தூளைக் குனிந்து அள்ளினான். மாவு. விரலிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் வெறும் மாவு. காசிமிரோவின் மரத்தடியில் கிடப்பதை நேற்றே போய்ப் பார்த்திருந்தான். அவல் மாதிரிச் சிராய் சிராயாகக் கிடந்தது.

அந்தக் காட்டு முகாமில் இருந்தது இரண்டே ரம்பம். இரண்டின் சங்கிலியையும் தீட்டுவது ஒரே கை. அந்தக் கை அனிசெட்டோவின் மனைவி ஒதிலியாவுடையது. முகாமுக்குச் சமைக்க வந்தவள் அவள். அப்பனிடம் ரம்பம் இருந்த வீட்டில் வளர்ந்ததால் அரம் அவளுக்குக் கரண்டி மாதிரி. ஒரே அரம், ஒரே கை. பிறகு காசிமிரோவின் சங்கிலி மட்டும் ஏன் அப்படி ஓடுகிறது?

இந்தக் கேள்விதான் அனிசெட்டோவை ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் மீனும் வேகவைத்த வாழைக்காயும் தின்றுவிட்டு அவன் வலைத்தொட்டிலில் சாய்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான், காதை மூடவில்லை. காசிமிரோ தன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒதிலியாவுக்கு எதிரே அடிமரத்தில் உட்கார்ந்தான். சங்கிலியைப் பெட்ரோலில் கழுவித் துடைத்துத்தான் எப்போதும் கொண்டுவருவான். அவள் அரத்தை இழுக்கும்போது ஆடாமல் இருக்க ரம்பத்தை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

"கொமாத்ரே, இன்னைக்கு என் சங்கிலிக்குக் கொஞ்சம் கருணை காட்டுங்க."

"உங்க சங்கிலிக்கு எதுக்குக் கருணை? அது குளிச்சுத் தலைசீவிக்கிட்டு வருது. எங்க வீட்டு ஆளு கொண்டுவர்றதுதான் சேத்துல புரண்ட பன்னி மாதிரி வருது."

காசிமிரோ சிரித்தான். அவளும் சிரித்தாள். அனிசெட்டோவுக்கு வாழைக்காய் நெஞ்சில் நின்றது. காசிமிரோ அனிசெட்டோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில்தான் அவன் இவளைக் கொமாத்ரே என்றும், ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றும் கூப்பிட்டுக்கொள்வது. சிரித்துப் பேசுவதில் தப்பே இல்லாத உறவு. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வழியில்லை.

காசிமிரோ போனதும் அனிசெட்டோ கேட்டான், வேறு மாதிரி.

"அவனுக்குப் பல்லுக்கு எத்தனை இழுப்பு இழுத்தே?"

"மூணு."

"எனக்கு?"

"அஞ்சு. உன் பல்லு அவ்வளவு மழுங்கிக் கிடந்துச்சு."

"அப்புறம் ஏன் அவனது பறக்குது, என்னோடது நொண்டுது?"

"அவரது மரத்தைத் தின்னுது. உன்னோடது மண்ணைத் தின்னுது. அலகு நுனியைத் தரையில இடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? அடியில கட்டை கொடுத்து மரத்தைத் தூக்கிவச்சு அறு."

"அவரதா? மரியாதை ரொம்ப வழியுது."

"பிள்ளைக்கு ஞானத்தகப்பன். அவனே இவனேன்னா பேசச் சொல்றே?" அரத்தைத் துணியில் துடைத்தாள். "தூங்குறதுன்னா ஒழுங்காத் தூங்கு. தூங்குற மாதிரி நடிக்கிறவனுக்குத்தான் வயித்தெரிச்சல் வரும்."

மறுநாள் காலையில் காண்ட்ராக்டர் தோன் ஃபெர்மின் பெரிய ஷிவாவாக்கோ மரத்தைக் காட்டினார். இரும்பு மாதிரி மரம், விழுந்து கிடந்தாலும் ஆள் உயரம். பலகையாக அறுக்க வேண்டும்.

"இதைக் காசிமிரோ அறுக்கட்டும்" என்றார். "உன் மிஷின் இதுக்குத் தாங்காது, அனிசெட்டோ."

கூலியாட்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். ஒதிலியாவும் காப்பிப் பானையோடு நின்றாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அனிசெட்டோவுக்குத் தோன்றியது.

"தாங்குமா தாங்காதான்னு அறுத்துக் காட்டுறேன் தோன் ஃபெர்மின். அப்புறம் சொல்லுங்க" என்றான்.

ரம்பத்தோடு பெட்ரோல் பீப்பாய்களுக்குப் பின்னால் போனான். ஒதிலியா அறியாமல் எடுத்த அவளுடைய இன்னொரு அரம், தட்டையானது, அவன் சட்டைக்குள் இருந்தது. சங்கிலியில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை மேடு நிற்கும். பல் மரத்தை எவ்வளவு ஆழமாகக் கடிக்கலாம் என்பதற்கு அந்த மேடுதான் கணக்கு. அதைத் தேய்த்துவிட்டால் பல் பசித்த நாய் மாதிரிக் கடிக்கும். ரம்பம் தூக்குகிற எல்லோருக்கும் இது தெரியும். ஏன் யாரும் அதை அளவுக்கு மேல் தேய்ப்பதில்லை என்பதும் தெரியும். ஒதிலியா அதைத் தொட்டால் தகரத் துண்டு ஒன்றை வைத்து அளந்து, ஒரே ஒரு இழுப்புத்தான் இழுப்பாள். அனிசெட்டோ அளக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

கருகிய எஞ்சின் எண்ணெயில் ஊறவைத்த கயிற்றை மரத்தின்மேல் இழுத்துப் பிடித்துத் தட்டினார்கள். கறுப்புக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு கைப்பிடிப்பிலேயே பலகை அறுப்பதுதான் அங்கே வழக்கம். கோட்டை மறைக்கிறது என்று ரம்பத்தின் முன்னாலிருக்கும் கைக்காப்பை இருவருமே கழற்றிப் போட்டிருந்தார்கள். ரம்பம் துள்ளினால் கையில் இடித்துச் சங்கிலியை நிறுத்துவது அந்தக் காப்புத்தான்.

முதல் பலகை கத்தரித்ததுபோல் வந்தது. அவல் அவலாகச் சிராய் பறந்தது. யாரோ விசிலடித்தார்கள். ரம்பம் கையை முன்னால் இழுத்தது, தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. அனிசெட்டோ கவனிக்கவில்லை. காசிமிரோவின் முகத்தைப் பார்த்தான். காசிமிரோ சிரிக்கவில்லை, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமைப்படுகிறான் என்று அனிசெட்டோவுக்குப் பட்டது. உடம்பெல்லாம் இனித்தது.

"மெதுவா, கொம்பாத்ரே! அது ரொம்பக் கடிக்குது!" என்று காசிமிரோ கத்தினான்.

இரண்டாவது பலகைக்கு அனிசெட்டோ அலகின் நுனியை மரத்துக்குள் குத்தி இறக்கினான். நுனியின் மேல்முனையில் ஒரு பல் மாட்டியது. மேடு இருந்திருந்தால் வழுக்கிப் போயிருக்கும். அலகு அப்படியே மேலே உதைத்துக்கொண்டு அவனைப் பார்த்து வந்தது. தலையைச் சாய்த்தான். அவ்வளவுதான் முடிந்தது. இடது தோளில் யாரோ சுடுநீரை ஊற்றியதுபோல் இருந்தது.

காசிமிரோதான் முதலில் ஓடிவந்தான். சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் காயத்தில் வைத்துத் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினான். எலும்பு தெரிந்தது, வெட்டுப்படவில்லை. ஓலைக் கொட்டகையில் படுக்கவைத்தார்கள். கீழ் ஊர் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோகப் படகைக் கூப்பிட ஆள் ஓடியது.

ஒதிலியா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டை இறுக்கினாள். தோன் ஃபெர்மின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேடெல்லாம் தேஞ்சு கிடக்கு. ஆளைக் கொல்றதுக்குத் தீட்டுன மாதிரி." ஒதிலியாவைப் பார்த்தார். "இங்க அரம் பிடிக்கிறது நீ ஒருத்திதான். இனிமே அதைத் தொடாதே. சட்டியைக் கழுவறதோட நிறுத்திக்கோ."

ஒதிலியாவின் கை கட்டுத்துணியிலேயே நின்றது. சங்கிலியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

அனிசெட்டோ வாயைத் திறக்கவில்லை. வலியில் பேச முடியவில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். பேச முடிந்தது. அரம் அவள் கையைவிட்டுப் போனால் காசிமிரோ இனி எதற்காக எதிரே வந்து உட்காரப்போகிறான்? இரண்டு முழங்காலுக்கு நடுவே எதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறான்? ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதும் மனசு இதைக் கணக்குப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டான்.

"கொடுங்க" என்று காசிமிரோவின் குரல் கேட்டது. சங்கிலி கைமாறும் ஓசை. "இது கொமாத்ரே தீட்டுனது இல்ல."

"நீ கண்டியா?"

"பாக்கவேண்டியதே இல்ல. அவங்க கை எனக்குத் தெரியும். பல்லு எல்லாம் ஒரே சாய்வுல நிக்கும், இடது பக்கம் ஒரு மயிரிழை கூடுதலா இருக்கும். பல்லுல அவங்க கை இருக்கு. ஆனா மேட்டுல இருக்கிறது வேற கை. அவங்க அரத்தை இப்படிப் போட்டு அராவ மாட்டாங்க. நான் எங்க வேணா வந்து சொல்றேன்."

அவங்க கை எனக்குத் தெரியும்.

அந்த ரம்பம் பாய்ந்தபோதுகூட அனிசெட்டோவுக்கு இப்படி வலிக்கவில்லை. அவள் கையை அவளோடு படுத்து எழும் இவனுக்குத் தெரியாதாம். இடது பக்கம் மயிரிழை கூடுதலாம். அவள் பெயரைக் காப்பாற்ற அவன் நிற்கிறானாம், அதுவும் சட்டையில்லாமல்.

"நான்தான்டா தேச்சேன்!" என்று கத்திக்கொண்டு எழ முயன்றான். "அவ பேருக்கு நீ சாட்சி சொல்ல வராதே! அவ புருஷன் இன்னும் சாகல. நான்தான் தேச்சேன், பீப்பாய்க்குப் பின்னால. போதுமா?"

கொம்பாத்ரேயை இவன் 'டா' போட்டதை எல்லோரும் கேட்டார்கள். காசிமிரோ சங்கிலியைப் பலகைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். தோன் ஃபெர்மின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார், ஒதிலியாவிடம் ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்பு மாதிரித்தான் இருந்தது.

எல்லோரும் போன பிறகு அவள் அவனைத் திரும்பப் படுக்கவைத்தாள். மென்மையாக இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. நீ சொல்றியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"சொன்னேன்ல."

"எனக்காகவா சொன்னே?"

அவன் தோள்கட்டின் முடிச்சைத் தடவிக்கொண்டான்.

"மரம் பாதி அறுத்துக் கிடக்கு" என்றாள். "உன் மிஷினும் தாங்கும்னு காட்ட, அதுக்குப் புதுச் சங்கிலி மாட்டி உன் கொம்பாத்ரேகிட்ட கொடுக்கப்போறேன். கைக்காப்பைத் திரும்ப மாட்டினாத்தான் கொடுப்பேன். கோடு தெரியலேன்னா கழுத்தை நீட்டிப் பாக்கட்டும்."

அனிசெட்டோ கூரை ஓலையைப் பார்த்தபடி கிடந்தான். ஆற்றில் படகு எஞ்சின் கேட்டது.

"அவனுக்கு யாரு தீட்டுவா?"

"நான்தான். வேற யாரு?"

"நான் திரும்பி வந்ததுக்கப்புறம் தீட்டு. இந்த வலைத்தொட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து தீட்டு. நான் பாக்கணும்."

"எதை?"

"சங்கிலியைத்தான்" என்றான்.

ஒதிலியா அவன் நல்ல தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, படகை நோக்கி நடத்திக்கொண்டு போனாள்.